மனசு பாரமா? தமிழிலேயே சொல்லலாம்

காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறோம்? மாத்திரை வாங்குகிறோம். இரண்டு நாளில் குறையவில்லை என்றால் டாக்டரிடம் போகிறோம். அக்கம் பக்கத்திலும் சொல்கிறோம். "எனக்குக் காய்ச்சல்" என்று சொல்ல யாரும் வெட்கப்படுவது இல்லை.

மனசு சரியில்லை என்றால் என்ன செய்கிறோம்?

பலர் யாரிடமும் சொல்வது இல்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற பயம். பைத்தியம் என்று பட்டம் கட்டுவார்கள் என்ற பயம். வேலை செய்யும் இடத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்.

பெங்களூரில் இருக்கும் நமக்கு இன்னொரு சிரமமும் உண்டு. நம்மில் பலர் தமிழ்நாட்டில் இருந்து பிழைக்க வந்தவர்கள். கடையில் பேசும் அளவுக்குக் கன்னடம் தெரியும். மேஸ்திரியிடம் கூலி கேட்கவும் தெரியும். ஆனால் மனசில் உள்ளதைச் சொல்ல அந்தக் கன்னடம் போதாது. அதற்குத் தாய்மொழி வேண்டும்.

தாய்மொழியிலேயே சொல்ல இப்போது வழி இருக்கிறது. அதற்கு ஒரு போன் போதும். அதைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

உடம்பு பேசும் மொழி

மனக்கவலையை நாம் எப்படிச் சொல்கிறோம் என்று கவனியுங்கள்.

"நெஞ்சு படபடன்னு அடிக்குது."
"தலை பாரமா இருக்கு."
"கை கால் அசந்து போகுது."
"ராத்திரி தூக்கமே வரல."
"சோறு இறங்க மாட்டேங்குது."

இவை எல்லாம் உடம்பைப் பற்றிய பேச்சு. ஆனால் சில சமயம் உள்ளே இருப்பது மனசின் வலி.

பெங்களூரில் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி இருக்கிறது. மனநலத்துக்கும் நரம்பு நோய்களுக்கும் பெயர் பெற்ற ஆஸ்பத்திரி அது. ஓசூர் சாலையில் உள்ளது. அங்கே உள்ள டாக்டர்கள் 1996-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சோர்வோடு வந்த நோயாளிகளிடம் பேசி எழுதிய ஆய்வு அது.

உடம்பு வலியைச் சொல்ல அவர்கள் கூச்சப்படவில்லை. உடம்பு வலி எல்லோருக்கும் வருவதுதானே? ஆனால் மனக்கவலையைச் சொல்ல வெட்கப்பட்டார்கள். ஊரார் என்ன நினைப்பார்கள் என்று பயந்தார்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமோ என்றும் அஞ்சினார்கள்.

அதனால் மனசின் வலி பல நேரம் உடம்பு வலியாகவே வெளியே வருகிறது. அது நடிப்பு இல்லை. வலி உண்மையானது.

ஒன்றை மறக்க வேண்டாம். நெஞ்சு படபடப்பு, உடம்பு அசதி எல்லாம் வேறு நோயாலும் வரும். முதலில் உடம்பைக் காட்டிப் பாருங்கள். உடம்பில் குறை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் தொல்லை இருந்தால், மனசைக் கவனியுங்கள்.

எத்தனை பேருக்கு இந்தத் துன்பம்?

2015-16-இல் நிம்ஹான்ஸ் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. வயது வந்தவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 11 பேருக்கு ஏதாவது ஒரு மனநலத் தொல்லை இருந்தது.

அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள்? மிகச் சிலர்தான். நோய்க்கு ஏற்ப, 100 பேரில் 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை.

ஏன்? வெட்கம் ஒரு காரணம். தூரம் இன்னொரு காரணம். நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர்கூட இல்லை. இருப்பவர்களில் பலர் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நிற்க எத்தனை பேரால் முடியும்?

டாக்டர் சென்னையில், நோயாளி புதுக்கோட்டையில்

இந்தத் தூரத்தைக் குறைக்கப் பலர் முயன்றார்கள். அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற அமைப்பு உள்ளது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கியது. இந்தியாவின் முதல் பெண் மனநல டாக்டர் அவர்தான். அந்த அமைப்பு 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் ஒரு சிறிய அறை. அதில் ஒரு திரை. சென்னையில் இருக்கும் டாக்டர் திரையில் தெரிவார். நோயாளி பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அவரோடு பேசுவார். மருந்தும் பஸ்ஸிலேயே கிடைக்கும்.

கிராமத்து மக்கள் சென்னைக்குப் போகவில்லை. டாக்டர்தான் திரை வழியாகக் கிராமத்துக்கு வந்தார். பேசியதும் தமிழில்தான்.

இப்போது அந்த பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டியது இல்லை. நம் கையில் உள்ள போனே அந்த வேலையைச் செய்கிறது.

14416

இந்த நம்பரைச் சத்தமாகப் படியுங்கள். ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.

இது டெலி மானஸ் என்ற அரசு சேவையின் நம்பர். 2022 அக்டோபர் 10-ஆம் தேதி இந்தச் சேவை தொடங்கியது. அந்த நாள் உலக மனநல நாள். இந்தியா முழுவதும் இதே நம்பர்தான். இந்த வேலைக்குத் தலைமை இடம் நம் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ். இதற்கான கணினி வேலைகளுக்கு உதவுவதும் பெங்களூரில் உள்ள ஒரு கல்வி நிறுவனம்தான். அதன் பெயர் ஐ.ஐ.ஐ.டி.

இரவும் பகலும் பேசலாம். காசு கிடையாது. தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி, உருது என்று 20 மொழிகளில் சேவை உண்டு. 2025-ஆம் ஆண்டுக்குள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துவிட்டன. அப்படியானால், துன்பம் உங்களுக்கு மட்டும் இல்லை.

போன் போட்டால் என்ன நடக்கும்?

முதலில் ஒரு பதிவுக் குரல் கேட்கும். எந்த மொழி வேண்டும் என்று கேட்கும். அது சொல்லும் எண்ணை அழுத்துங்கள். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவர் குறை கேட்பார். வழி சொல்வார். தேவைப்பட்டால் மனநல டாக்டரிடம் இணைப்பார். நேரில் போக வேண்டும் என்றால், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றும் சொல்வார்.

பேச்சு எப்படி இருக்கும்? ஒரு கற்பனை உரையாடலைப் படிப்போம். பேசுபவர் திருவண்ணாமலைப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு சித்தாள். பெங்களூரில் கட்டட வேலை. ஷெட்டில் குடியிருக்கிறார்.

"வணக்கம்மா. சொல்லுங்க."

"எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க. ஆஸ்பத்திரியில ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஆனா ராத்திரி தூக்கமே இல்ல."

"எத்தனை நாளா இப்படி இருக்கும்மா?"

"பிள்ளையை ஊர்ல எங்க அம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். மூணு மாசமாச்சு. அதுல இருந்துதான்."

"பிள்ளையை விட்டுட்டு வந்தா மனசு தவிக்கத்தான் செய்யும். யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லைங்க. சொன்னா அழுகை வருது."

"இப்ப அழுகை வந்தா அழுங்கம்மா. நான் இருக்கேன். மெதுவா சொல்லுங்க."

ஆலோசகர் அந்த அம்மாவின் பேச்சை இடையில் வெட்டவில்லை. "இதற்கெல்லாமா அழுவது?" என்று கேட்கவில்லை. கஷ்டமான வார்த்தை எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாவும் நோயின் பெயரைச் சொல்லத் தேவைப்படவில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றார். அது போதும். பேச்சு அங்கிருந்து தொடங்கிவிடும்.

பனி நாட்டில் ஒரு பாடம்

சொந்த மொழி, சொந்த வழக்கம் இரண்டும் இதில் ஏன் முக்கியம்? இதைப் புரிந்துகொள்ள வெகு தூரம் போய் வருவோம்.

கனடா என்ற நாட்டின் வடக்குக் கோடியில் நுனாவுட் என்ற பகுதி உள்ளது. ஆண்டின் பெரும் பகுதி பனியும் குளிரும்தான். அங்கே வாழ்பவர்கள் இனுயிட் மக்கள். மொத்தம் 25 ஊர்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சாலை கிடையாது. விமானத்தில்தான் போக வேண்டும். டாக்டர் வருவதும் விமானத்தில்தான்.

அந்த மக்களுக்கு ஒரு பழைய காயம் உண்டு. சென்ற நூற்றாண்டில் அவர்களுடைய பிள்ளைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்தார்கள். விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அங்கே தாய்மொழி பேசத் தடை. பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. வீட்டையும் மொழியையும் இழந்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்கள் ஆனார்கள். அந்த வலி அடுத்த தலைமுறைக்கும் வந்தது.

அவர்களுக்கு வெளியூர் முறையில் மட்டும் வைத்தியம் பார்த்தால் போதுமா? போதாது. அதனால் அந்த மக்களுக்கு ஏற்ற வழிகளைத் தேடினார்கள். 1990-இல் ஓர் உதவிப் போன் சேவை அங்கே தொடங்கியது. பிறகு கணினி வழியிலும் ஒரு முயற்சி நடந்தது. நியூசிலாந்து நாட்டில் இளைஞர்களுக்காக ஒரு கணினி விளையாட்டு செய்திருந்தார்கள். கோபத்தை அடக்கவும், மனசைப் போட்டு வாட்டும் எண்ணங்களை விரட்டவும் அது சொல்லித் தரும். அதை அப்படியே கொடுக்கவில்லை. இனுயிட் இளைஞர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அவர்களுடைய நிலம், உடை, வாழ்க்கை தெரியும்படி அதை மாற்றினார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? கருவி புதிதாக இருக்கலாம். ஆனால் அது பேசும் பேச்சு நம் வீட்டுப் பேச்சாக இருக்க வேண்டும். அப்போதுதான் மனசு திறக்கும்.

நம் நாட்டிலும் அப்படித்தான். டெலி மானஸுக்கு 2024 அக்டோபரில் போன் செயலி ஒன்று வந்தது. செயலி என்றால் ஆப். முதலில் அதில் ஆங்கிலமும் இந்தியும்தான் இருந்தன. 2025 அக்டோபரில் தமிழும் கன்னடமும் சேர்த்து மேலும் 10 மொழிகள் வந்தன. இப்போது தமிழ் படிக்கத் தெரிந்த நீங்களே அதைத் திறந்து படிக்கலாம். எழுத்துக் கற்றதன் பயன் இதிலும் உண்டு.

கோயிலும் தர்காவும்

மனசு சரியில்லை என்றால் நம்மில் பலர் கோயிலுக்குப் போகிறோம். தர்காவுக்குப் போகிறோம். மாதா கோயிலுக்குப் போகிறோம். இது தவறா?

நிம்ஹான்ஸ் டாக்டர்கள் இதையும் ஆராய்ந்தார்கள். தமிழ்நாட்டில் ஒரு சிறிய கோயிலுக்கு மனநோய் உள்ளவர்களை அழைத்து வந்து தங்க வைப்பது வழக்கம். அங்கே 31 பேரை டாக்டர்கள் கவனித்தார்கள். கூடவே குடும்பத்தாரும் தங்கினார்கள். கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற சிறு வேலைகளை நோயாளிகள் செய்தார்கள். அடி இல்லை. திட்டு இல்லை. சில வாரங்களில் அவர்களின் நிலை ஓரளவு முன்னேறியது. 2002-இல் இதை ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். அன்பான இடமும் ஆதரவும் நன்மை செய்கின்றன என்பதே அவர்கள் கண்டது.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு பெரிய தர்கா உள்ளது. அதன் அருகே தனியார் நடத்திய மனநோயாளிகள் காப்பகங்கள் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் எரிந்து இறந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? நோய் வந்தது ஒன்றுதான்.

இப்போது சட்டம் தெளிவாக உள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அரசு ஆஸ்பத்திரியில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும் சொல்கிறது.

ஆகவே சாமி கும்பிடுங்கள். மந்திரிக்க வேண்டும் என்றால் மந்திரியுங்கள். ஆனால் மருந்தை நிறுத்தாதீர்கள். கட்டிப் போடாதீர்கள். அடிக்காதீர்கள்.

கேள்வியும் பதிலும்

*என்னிடம் பட்டன் போன்தான் இருக்கிறது. பேச முடியுமா?*
முடியும். 14416-க்குப் பேச எந்தப் போனும் போதும். ஆப் வேண்டும் என்றால்தான் பெரிய போன் தேவை.

*நான் பேசியதை ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவார்களா?*
சொல்லக் கூடாது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற நேரத்தில் காப்பாற்றத் தேவையான அளவு மட்டும் சொல்லலாம்.

*ஒரே அறை வீடு. எல்லோரும் கேட்பார்களே?*
வெளியே வந்து பேசுங்கள். தண்ணீர் பிடிக்கப் போகும்போது பேசலாம். வேலை முடிந்து திரும்பும் வழியில் பேசலாம். இரவும் பகலும் சேவை இருப்பதால் நேரம் நம் கையில்தான்.

*சாக வேண்டும் போல் இருக்கிறது என்று சொன்னால் போலீஸ் பிடிக்குமா?*
அப்படி நினைப்பது குற்றம் இல்லை. அது தாங்க முடியாத துன்பத்தின் அடையாளம். உயிரை விட முயன்றவருக்கும் தண்டனை அல்ல, சிகிச்சையும் ஆதரவும் தர வேண்டும் என்பதே 2017 சட்டத்தின் நோக்கம். இப்படித் தோன்றினால் தயங்காமல் உடனே பேசுங்கள்.

*மனநல டாக்டரிடம் போனால் பைத்தியம் என்பார்களே?*
பல் வலிக்குப் பல் டாக்டர். மனக்கவலைக்கு மன டாக்டர். அவ்வளவுதான்.

போனால் முடியாதது

போன் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. கடன்காரன் வாசலில் நின்றால், அந்தக் கடனைப் போன் அடைக்காது. கூலி பாக்கியை வாங்கித் தராது. கணவரின் குடியை ஒரே நாளில் நிறுத்தாது. இவற்றுக்குச் சங்கம் வேண்டும். சட்டம் வேண்டும். அக்கம் பக்கத்தார் வேண்டும்.

வீட்டில் அடி உதை என்றால் 181 என்ற பெண்கள் உதவி நம்பருக்குப் பேசுங்கள். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் 112-க்குப் பேசுங்கள்.

ஆனால் ஒன்று. மனசு ஒடிந்து கிடப்பவரால் எதற்கும் போராட முடியாது. முதலில் தூங்க வேண்டும். சாப்பிட வேண்டும். எழுந்து நிற்க வேண்டும். அதற்குத்தான் இந்த உதவி.

நாம் செய்யக்கூடியவை

பக்கத்து வீட்டு அக்கா சில வாரமாகப் பேசுவது இல்லையா? வேலைக்கு வரும் தம்பி சாப்பாட்டைத் தொடுவது இல்லையா? "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் பேசட்டும்.

"எல்லாம் சரியாகிவிடும், விடு" என்று உடனே சொல்லாதீர்கள். அறிவுரையும் வேண்டாம். முழுவதும் கேளுங்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்.

உயிரை விடுவேன் என்று ஒருவர் சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். நீங்களே 14416-க்குப் போன் போட்டு அவர் கையில் கொடுங்கள்.

14416 என்ற நம்பரை இன்றே ஒரு தாளில் பெரிதாக எழுதுங்கள். கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். எழுதத் தெரியாதவர் வீட்டுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள்.

கூடிப் பேசுவோம்

1. மனக்கவலையைச் சொல்ல உங்கள் ஊரில் என்னென்ன சொற்கள் உண்டு? பலகையில் எழுதுங்கள்.
2. காய்ச்சலைச் சொல்ல வெட்கம் இல்லை. மனக்கவலையைச் சொல்ல ஏன் வெட்கம்?
3. ஏர்வாடி தீ விபத்தில் இறந்தவர்களை எப்படிக் காப்பாற்றி இருக்கலாம்?
4. உங்கள் தெருவில் தனியாகத் தவிப்பவர் யாராவது உண்டா? பெயரைச் சொல்ல வேண்டாம். அவருக்கு நீங்கள் என்ன செய்யலாம் என்று மட்டும் யோசியுங்கள்.